தொடுவானம் யாருடையது?

சென்ற இதழில் ஒரு வாசகர், 'ஹொரைசன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டிருந்தார். இடம் இல்லாததால் "அடிவானம், தொடுவானம், இரண்டும் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்தச் சோம்பலுக்குத் தண்டனை கிடைத்தது. வந்த கடிதங்களை ஆசிரியர் கட்டாகக் கட்டி என் மேசையில் வைத்து, "இந்த மாதம் முழுக்க இதையே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறவன் இருபத்திரண்டு ஆண்டு கப்பல் மேல்தளத்தில் நின்றவன். கரையேறிய பிறகு தொழில்நுட்ப மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன். அதனால் பதில்களில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடிவானம், தொடுவானம், கீழ்வானம் மூன்றும் ஒன்றா? 'மாலையில் கீழ்வானம் சிவந்தது' என்று எழுதியதற்கு ஆசிரியை சிவப்பு மையால் சுழித்துவிட்டார். (கல்லூரி மாணவி)

உங்கள் ஆசிரியைக்கு என் வணக்கம். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மூன்றாவது வேறு. தமிழில் 'கீழ்' என்றால் தாழ்வு, 'கீழ்' என்றால் கிழக்கும்கூட. திருப்பாவையில் ஆண்டாள் 'கீழ்வானம் வெள்ளென்று' என்று தொடங்குவது கிழக்கு வெளுப்பதைத்தான். மாலையில் கிழக்கிலும் மேகம் சிவப்பதுண்டு. நீங்கள் அதை எண்ணி எழுதியிருந்தால் மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 'சூரியன் கீழ்வானத்தில் மறைந்தது' என்று கதைகளில் வரும்போதெல்லாம், சூரியன் ரிவர்ஸ் கியர் போட்டு வந்த வழியே போனதாக எனக்குத் தோன்றும்.

அடிவானத்துக்கும் தொடுவானத்துக்கும் அகராதி பெரிய வித்தியாசம் காட்டாது. என் காது காட்டுகிறது. அடிவானம் என்பது வானத்தின் அடிப்பகுதி, ஒரு பட்டை. அதற்கு நிறம் உண்டு, மேகம் உண்டு. அடிவானம் சிவக்கும், கறுக்கும், அங்கே மின்னல் வெட்டும். தொடுவானம் ஒரு கோடு. வானம் வந்து தொடுகிற இடம். கோட்டுக்கு ஏது நிறம்? கப்பலில் நாங்கள் அளந்தது தொடுவானத்தை. அடுத்த காவலுக்கு வருபவரிடம் கவலையோடு கையை நீட்டிக் காட்டியது அடிவானத்தை.

கிரேக்கர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். அவர்களிடம் 'ஹோரோஸ்' என்றால் எல்லை, 'ஹொரிசைன்' என்றால் எல்லை வகுப்பது. கண்ணுக்குத் தெரிகிற உலகைச் சுற்றி வளைத்திருக்கும் கோட்டை 'எல்லை வகுக்கும் வட்டம்' என்றார்கள். நாளடைவில் வட்டம் உதிர்ந்துபோய், 'எல்லை வகுப்பது' மட்டும் மிஞ்சி ஆங்கிலம் வரை வந்து சேர்ந்தது. வடமொழியின் 'திகந்தம்' என்ற சொல்லும் திசையின் முடிவு என்றே பொருள் தரும். ஆக, அவர்கள் பார்த்தது ஒரு வேலி. தமிழ் பார்த்தது ஒரு தொடுகை. மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தலைவலி தொடங்குவது இங்கேதான்.

சிக்கல் வரும்போது நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இது யாருடைய தொடுவானம்? உங்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு தொடுவானம் எங்கேயும் போட்டு வைக்கப்படவில்லை. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வட்டத்தின் மையமே வேறு. ஏணியில் நிற்பவருக்கு வட்டமே பெரிது. யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் தொடுவானம் என்று எழுதலாம். பதில் இல்லாவிட்டால் வேறு சொல் தேடுவதே நல்லது.

கேள்வி: ஐயா, தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது? (எட்டாம் வகுப்பு மாணவர்)

தம்பி, நீ எவ்வளவு உயரம்? அதைச் சொன்னால் பதில் சொல்லிவிடலாம். தரையிலிருந்து உன் கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடு. அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கு. வருவது கிலோமீட்டர். கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் நாலரை கிலோமீட்டர். அவ்வளவுதான். கடற்கரையில் நின்றுகொண்டு 'எல்லையில்லாக் கடல்' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் பார்ப்பது ஒரு மணி நேர நடைத் தூரத்தை. காற்று ஒளியைக் கொஞ்சம் வளைப்பதால் உண்மையில் சுமார் எட்டு சதவீதம் கூடுதலாகத் தெரியும். 10 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து சுமார் 357 கிலோமீட்டர். சந்திரனில் நின்றால், அது சின்ன உருண்டை என்பதால், அதே ஆளுக்கு 2.4 கிலோமீட்டர்தான்.

வர்க்கமூலம் என்பதைக் கவனி. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் நாலு மடங்கு உயரம் ஏற வேண்டும்.

இதைப் புத்தகத்தில் படித்ததைவிட முழங்காலால் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். இரவில் ஒரு கலங்கரை விளக்கத்தை நோக்கிப் போகும்போது, முதலில் வெளிச்சத்தின் மங்கலான வீச்சு மட்டும் வானத்தில் சுழன்று போகும். அப்புறம் ஒரு கணம் ஒளிப்புள்ளி பளிச்சென்று தெரியும். அந்த நேரத்தில் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி என்ன செய்வார் தெரியுமா? முழங்காலை மடக்கித் தாழ்வார். புள்ளி மறையும். எழுந்து நிற்பார். புள்ளி வரும். இப்படி மறைத்து எடுக்க முடிந்தால், விளக்கு சரியாகத் தொடுவானத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விளக்கின் உயரம் வரைபடத்தில் இருக்கும். நம் கண்ணின் உயரம் நமக்குத் தெரியும். இரண்டு வர்க்கமூலங்களையும் கூட்டி 2.08ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வந்துவிடும். 36 மீட்டர் விளக்கு, 16 மீட்டர் கண் என்றால் சுமார் 21 மைல். முதல்முறை நான் இதைச் செய்தபோது, சுக்கான் பிடித்திருந்தவர் எனக்கு மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டு, உட்கார ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

இன்னொரு விஷயம். உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் தூரம் போவது மட்டுமில்லை, கொஞ்சம் இறங்கியும் போகும். கண்ணிலிருந்து நேர்ப் படுகிடையாக ஒரு கோடு இழுத்தால், கடலின் விளிம்பு அதற்குக் கீழே இருக்கும். 16 மீட்டர் உயரத்தில் இந்த இறக்கம் 7 கலை. கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. செக்ஸ்டன்ட் என்ற கோணமானியில் சூரியனின் பிம்பத்தைக் கீழே இறக்கி, கருவியை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டி, பிம்பம் ஊஞ்சல் போல வந்து தொடுவானத்தை அடிவிளிம்பால் தொட்டும் தொடாமலும் போகிற மாதிரி வைப்போம். அந்தக் கோணத்திலிருந்து இந்த இறக்கத்தைக் கழிக்க வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் நான் கழிக்க மறந்தேன். ஒரு கலை தவறினால் ஒரு கடல் மைல் தவறும். ஏழு மைல் பிசகி, வரைபடத்தில் கம்பீரமாகப் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். கேப்டன் வந்து பார்த்தார், பென்சிலை எடுத்தார். "கண்ணைத் தண்ணிக்குள்ள வச்சுப் பாத்தியாப்பா?" என்றார். அவ்வளவுதான் திட்டு. கண் தண்ணீர் மட்டத்தில் இருந்தால்தானே இறக்கம் பூஜ்யம்! இன்றைக்கும் கடலோரம் போனால் மனசு முதலில் கழித்துக்கொள்கிறது.

நாங்கள் தொல்லையாக நினைத்த அந்த இறக்கத்தை வைத்தே பூமியை அளந்தவர் ஒருவர் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி என்ற அறிஞர், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலைமேல் நின்று, எதிரே விரிந்த சமவெளியின் தொடுவானம் எவ்வளவு இறங்கித் தெரிகிறது என்று பார்த்தார். அவர் குறித்து வைத்தது 34 கலை. மலையின் உயரத்தை முன்பே அளந்திருந்தார். உயரமும் இறக்கமும் கையில் இருந்தால் முக்கோணக் கணக்கில் பூமியின் ஆரம் வந்துவிடும். ஊர் ஊராக நடந்து அளக்கத் தேவையில்லை. ஒரே இடத்தில் நின்று எட்டிப் பார்த்து முடித்துவிட்டார்.

கேள்வி: சூரியன் தொடுவானத்தைத் தொடுவதை நாம் பார்க்கும்போது அது ஏற்கெனவே மறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தொடுவானத்துக்கு அருகில் காற்று ஒளியைச் சுமார் 34 கலை வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமோ சுமார் 32 கலை. ஆகவே அடிவிளிம்பு கடலைத் தொடுகிற மாதிரி தெரியும் நேரத்தில், கணக்குப்படி முழுச் சூரியனும் கோட்டுக்குக் கீழே போயாகிவிட்டது. மணலில் படுத்துக்கொண்டு கடைசிப் பொட்டு மறைவதைப் பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து நின்றால் இன்னொரு தடவை மறைவதைப் பார்க்கலாம். ஐந்தாறு நொடிதான் கிடைக்கும். என்னைப் போல் எழுந்திருக்க நேரம் எடுப்பவர்கள் முயல வேண்டாம்.

கேள்வி: ஹொரைசன், ஹொரோஸ்கோப் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா? ஜோதிடத்தில் லக்னம் என்பதும் தொடுவானம்தானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வேர் வேறு, ஐயா. ஹொரைசனின் வேர் ஹோரோஸ், அதாவது எல்லை. ஹொரோஸ்கோப்பின் வேர் 'ஹோரா', அதாவது வேளை. வேளையைப் பார்ப்பது என்று பொருள். காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் உறவில்லை. உண்மையான உறவுக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பொன்மொழியைக் குறிக்கும் 'அஃபோரிசம்' இந்த எல்லை வகுக்கும் வேரிலிருந்து வந்தது. கிரேக்க இலக்கணத்தில் 'அயோரிஸ்ட்' என்று ஒரு காலம் உண்டு. எல்லை வகுக்கப்படாதது என்று அதற்குப் பொருள்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு புதையல் இருக்கிறது. லக்னம் என்பது, ஒரு நேரத்தில் ஓர் இடத்தின் கிழக்குத் தொடுவானத்தில் எந்த ராசி உதிக்கிறதோ அது. பலன் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கில் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் லக்னத்துக்குப் பிறந்த நேரத்தோடு பிறந்த இடத்தையும் கேட்கிறார்கள். யாருடைய தொடுவானம் என்பது தெரியாமல் லக்னம் போட முடியாது. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வடமொழியில் 'லக்ன' என்றால் ஒட்டியது, தொட்டுக்கொண்டிருப்பது. தொடுவானத்தைத் தொட்டு நிற்கும் ராசி லக்னம். கிரேக்கரின் வேலியை விட்டு இங்கே நம் தொடுகைக்கு வந்துவிட்டோம் பாருங்கள். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை; வீட்டில் சொன்னேன், யாரும் அசரவில்லை.

கேள்வி: விமானத்தில் 'செயற்கைத் தொடுவானம்' என்று ஒரு கருவி உண்டாமே. கண்ணாடி வழியாகவே நிஜமானது தெரியாதா?

மேகத்துக்குள் தெரியாது. இருட்டில் தெரியாது. தெரியாதபோது நம் உடம்பைப் போல் பொய் சொல்லும் ஆள் வேறு இல்லை. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் உள்காதுக்கு அது தெரியவே தெரியாது. திடீரென்று நிமிர்த்தினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கூச்சல் போடும். கண்ணுக்கு ஒரு கோடு கிடைத்தால்தான் இந்தக் கூச்சல் அடங்கும். 1929 செப்டம்பர் 24 அன்று, ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி, தன் இருக்கையைத் துணியால் முழுக்க மூடிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி மேலேறி, வட்டமடித்து, தரையிறங்கிக் காட்டினார். அந்தக் கருவிகளில் ஒன்று ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கைத் தொடுவானம். உள்ளே சுழலும் பம்பரம், விமானம் எப்படிச் சாய்ந்தாலும் தான் நிமிர்ந்தே நிற்கும்.

என் கேள்வி இந்தக் கருவிக்குள்ளும் புகுந்திருக்கிறது. மேற்கு நாட்டுக் கருவிகளில் விமானத்தின் சின்னம் அசையாது. தொடுவானக் கோடு சாயும். விமானிக்கு ஜன்னல் வழியாகத் தெரிவது போல. பழைய சோவியத் கருவிகளில் கோடு சாயாமல் நிற்கும். விமானச் சின்னம் சாயும். வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது போல. ஒன்றில் பழகிய விமானி இன்னொன்றில் உட்கார்ந்தால், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதிலேயே குழம்பிப்போவார்.

தரையில் இதற்கு இன்னும் எளிய உறவினர் உண்டு. கடல் தெரியாத இடத்தில் செக்ஸ்டன்ட் பிடிக்க, ஒரு தட்டில் பாதரசம் ஊற்றி வைப்பார்கள். பாதரசம் தானாக மட்டமாகும். வானத்துச் சூரியனையும் பாதரசத்துக்குள் தெரியும் சூரியனையும் ஒன்றோடொன்று தொடவைத்து, வருகிற கோணத்தைப் பாதியாக்கினால் போதும். இறக்கம் கழிக்கிற வேலைகூட இல்லை. கொத்தனார் கையில் உள்ள ரசமட்டத்தின் பெயரை யோசியுங்கள். உள்ளே இருப்பது இப்போது ரசமில்லை, ஒரு காற்றுக்குமிழி. பெயரில் மட்டும் ரசம் இன்னும் ஓடுகிறது.

கேள்வி: கருந்துளையைச் சுற்றியுள்ள 'ஈவென்ட் ஹொரைச'னை 'நிகழ்வெல்லை' என்று மொழிபெயர்க்கிறார்கள். 'நிகழ்வுத் தொடுவானம்' என்றால் கவித்துவமாக இருக்காதா? (இளம் கவிஞர்)

இருக்கும். ஆனால் தவறான இடத்தில் மனசைக் கொண்டுபோய் விடும். இங்கே வேண்டியது தொடுகை இல்லை, வேலி. கிரேக்கரின் வேலி. 'எல்லை' என்று போட்டவர் சொல்லின் வேருக்கே போய்விட்டார், தெரிந்தோ தெரியாமலோ.

உல்ஃப்காங் ரிண்ட்லர் என்ற இயற்பியலாளர் 1956இல் இந்தச் சொல்லை ஆண்டது பேரண்டத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில். ஒரு பார்வையாளருக்கு எந்த நிகழ்வின் செய்தி எப்போதாவது வந்து சேரும், எதன் செய்தி எக்காலத்திலும் சேராது என்று பிரிக்கும் கோடு அது. 'நிகழ்வு' ஏன் என்பது இப்போது புரியும். கடலில் தொடுவானத்துக்கு அப்பால் போன கப்பல் திரும்பி வரலாம். மரத்தில் ஏறினால் தெரியலாம். இங்கே எந்த மரத்திலும் ஏற முடியாது. சூரியனை நசுக்கிக் கருந்துளையாக்க முடிந்தால் இந்த எல்லையின் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர் இருக்கும். பூமியை நசுக்கினால் 9 மில்லிமீட்டர். கோலிக்குண்டு அளவு.

ஆனால் ஒரு விஷயத்தில் கடல் இங்கே கைகொடுக்கிறது. கரையில் நிற்கும் நமக்குக் கப்பல் தொடுவானத்தில் இறங்கி மறைகிறது. கப்பலில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே நடக்காது. அவர் பாட்டுக்கு உலாவிக்கொண்டிருப்பார். பெரிய கருந்துளைக்குள் விழுகிறவருக்கும், பொதுச் சார்பியல் கணக்குப்படி, எல்லையைத் தாண்டும் கணத்தில் எந்த அடையாளமும் இருக்காது. சுவரும் இல்லை, பலகையும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, விழுகிறவர் மேலும் மேலும் மெதுவாகி, சிவந்து, மங்கிப்போவதாகத் தெரியும். தாண்டுவது தெரியவே தெரியாது.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான, எம் 87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தில் எல்லையையே பிடித்துவிட்டதாக எழுதியவர்கள் உண்டு. படத்தில் இருப்பது ஒளிவளையமும் அதன் நடுவே ஒரு நிழலும். நிழல் எல்லையைவிட இரண்டரை மடங்குக்கும் சற்று அதிக அகலம். கவிஞரே, 'நிழல்' உங்களுக்குப் போதாதா?

கேள்வி: மண்ணியலில் 'ஏ ஹொரைசன், பி ஹொரைசன்' என்று படிக்கிறோம். தமிழில் எழுதச் சொன்னால் முழிக்கிறோம். (வேளாண் மாணவர்கள்)

நானே முழித்தவன்தான். மொழிபெயர்க்க வந்த புதிதில், 'மேல்மண்ணிலிருந்து கரைந்து இறங்கும் களி, பி அடிவானத்தில் சேர்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அச்சாகியும்விட்டது. களிமண்ணை வானத்தில் சேர்த்தவன் என்ற பெயர் அந்த அலுவலகத்தில் ரொம்ப நாள் எனக்கு இருந்தது.

'மண் அடுக்கு' என்று எழுதுங்கள். குழி வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், தரைக்கு இணையாகப் பட்டை பட்டையாக நிறம் மாறும். அந்தப் படுகிடைக் கோடுகளால் வந்த பெயர் அது. ரஷ்ய மண்ணியலாளர் டொகுசாயெவ் 1883இல் கரிசல் மண்ணைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே ஏ, பி, சி என்ற எழுத்துகள் புழங்குகின்றன. இங்கே 'யாருடைய?' என்று கேட்டுப் பாருங்கள். மண்புழுவுடையதா? பதில் இல்லை. பார்ப்பவர் இல்லாத இடத்தில் வானமும் வேண்டாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுத் தொல்லியலில் ஒரே பாணி பரந்த நிலப்பரப்பில் பரவிய காலகட்டத்தை ஹொரைசன் என்பார்கள். 'சாவின்' என்ற பழைய பண்பாட்டின் பாணி பரவியது முற்காலம், இன்காக்களுடையது பிற்காலம் என்று பிரிப்பார்கள். அதற்கும் அடுக்கு, காலகட்டம் என்பதே போதும்.

கேள்வி: முதலீட்டு ஆலோசகர் 'உங்கள் ஹொரைசன் என்ன?' என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன்.

பணம் திரும்ப எப்போது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 'எத்தனை வருஷத்துக்கு?' என்று கேட்டிருந்தால் உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். அவருக்குத்தான் கெத்து குறைந்திருக்கும். முதலீட்டுக் காலம் என்று எழுதலாம். யாருடையது என்ற கேள்வி இங்கேயும் செல்லும். அடுத்த ஆண்டு பணம் வேண்டியவருக்கும் இருபது ஆண்டு காத்திருக்கக் கூடியவருக்கும் ஒரே பங்கு ஒரே பங்கு இல்லை. அவர் காலத்தைக் கேட்காமலே யோசனை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருக்க வேண்டும்.

கேள்வி: படம் வரையும்போது தொடுவானக் கோட்டை எங்கே போடுவது? தாளின் நடுவில் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

நடுவில் அல்ல, கண் மட்டத்தில். யாருடைய கண்? வரைபவருடையது. உட்கார்ந்து வரைகிறீர்களா, மாடியிலிருந்து வரைகிறீர்களா என்பதைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். தட்டையான கடற்கரையில் நின்று மற்றவர்களைக் கவனியுங்கள். உங்கள் உயரமே உள்ளவர்கள் எல்லோருடைய கண்ணையும் தொடுவானம் வெட்டிப் போகும். பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணில். இருநூறு மீட்டர் தள்ளி எறும்பாகத் தெரிபவருக்கும் கண்ணில். குழந்தைகள் முழுசாகக் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். குனிந்து குழந்தையின் உயரத்துக்கு வந்து பாருங்கள், பெரியவர்களின் இடுப்புக்குக் கோடு இறங்கிவிடும். லியோன் பத்தீஸ்த்தா ஆல்பெர்த்தி 1435இல் ஓவியம் பற்றி எழுதிய நூலில், இந்தக் கோடு போகும் நடுப்புள்ளி, படத்துக்குள் நிற்கும் மனிதரின் உயரத்தைவிட மேலே இருக்கக் கூடாது என்று சொல்கிறார். அப்போதுதான் படத்தில் இருப்பவர்களும் பார்ப்பவரும் ஒரே தரையில் நிற்பதாகத் தோன்றும் என்ற காரணத்தால். நடுவில் போடச் சொன்னவர் எந்த மாடியில் நின்று சொன்னாரோ!

கேள்வி: 'வாசிப்பு நம் அடிவானத்தை விரிவாக்குகிறது' என்று எழுதலாமா?

எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. அடிவானத்தைத் துணி மாதிரி பிடித்து இழுக்க முடியாது. பார்க்கிறவர் மேலே ஏறினால் அது தானாகப் போகும். ஆங்கிலத்துக்கு அந்த வழக்கு பழகிவிட்டது. நமக்குப் 'பார்வை விரிகிறது' என்று சொல்லத் தெரியும். 'கண்ணுக்கெட்டிய தூரம்' என்ற அருமையான தொடர் வேறு இருக்கிறது. தொடுவானத்தின் இலக்கணம் முழுக்க அதற்குள் அடக்கம். கண்ணும் இருக்கிறது, அது எட்டுகிற தூரமும் இருக்கிறது.

தத்துவத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பேன். ஜெர்மானியரான ஹான்ஸ் கியோர்க் காடமர் 1960இல் வெளியிட்ட நூலில், பழைய பிரதி ஒன்றைப் புரிந்துகொள்வது என்பது அதன் தொடுவானமும் வாசகனின் தொடுவானமும் கலப்பது என்கிறார். நின்ற இடத்தை விட்டுவிட்டு யாரும் எதையும் பார்க்க முடியாது என்பது அவர் கட்சி. இங்கே எல்லை என்று போட்டால் இரண்டு வேலிகள் எப்படிக் கலக்கும்? தொடுவானம்தான் பொருந்தும். தொடுகை உள்ளேயே இருக்கிறதே.

கேள்வி: இத்தனை வருஷம் கடலில் போனீர்களே, தொடுவானத்தை எத்தனை தடவை எட்டிப்பிடித்தீர்கள்? (கிண்டலாகக் கேட்கவில்லை என்று குறிப்பு வேறு எழுதிய வாசகர்)

கிண்டல்தான், பரவாயில்லை. எட்டிப்பிடிக்கவில்லை. ஒருமுறை போய் நின்றிருக்கிறேன்.

மழை கழுவிவிட்டுப் போன ஒரு காலை. பைனாகுலரில் தூரத்தில் ஒரு கப்பல். கப்பல் என்றா சொன்னேன்? இரண்டு பாய்மரக் கம்பம் போன்ற தூண்கள், ஒரு புகைபோக்கி, மேல்தளத்தின் ஜன்னல் வரிசை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, கடல் கத்தியால் நறுக்கியது போல் நேராக ஓடியது. ரேடார் 16 மைல் என்றது. ரேடியோ அலைகள் கண்ணைவிடச் சற்று அதிகமாகவே வளைந்து போகும் என்பதால் வி.எச்.எஃப்.பில் குரல் தெளிவாகக் கேட்டது. வழி பற்றிப் பேசி முடித்தோம். எந்த நாட்டுக்காரரோ, காவல் முடியும் நேரத்து அலுப்பில் இருந்திருப்பார் போல. "சார், ஒன்று கேட்கலாமா? உங்கள் கப்பலில் பாதியைக் காணோமே" என்றார்.

"உங்களுடையதும் இங்கே வரவில்லை சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டே மைக்கை அணைத்தார்கள்.